கறிக்கு வந்த மீன்

மீன் சும்மா கிடைக்கிறது என்று அந்த அறையில் ஆங்கிலத்தில் சொன்னவன் நான். அவள் தமிழில் சொன்னாள். நான் ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் தவறில்லை. சொல்லி முடித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன் அல்லவா, தவறு அதில் இருக்கிறது.

மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நாசரேத் பக்கம் ஊர். படிப்பும் ஜெபமும் உள்ள குடும்பம் என்று பெயர். எனக்கு ஒரே மகள். அவளைத் தூத்துக்குடியில் ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒருவரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்தேன். சம்பந்தியின் அப்பா சாத்தான்குளத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கடையிலிருந்து கம்பெனி வரை வளர்ந்தது சம்பந்தியின் உழைப்பு. அதை மறுக்க முடியாது.

என் மனைவி இறந்து சில மாதங்கள் கழித்து, ஊரில் தனியாக ஏன் கிடக்கிறீர்கள் என்று சம்பந்தியே கார் எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போனார். அவர்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் பின்பக்கம் ஒரு சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் பெரிய வீட்டிலிருந்து சாப்பாடு வரும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் குடியிருப்பது எங்கள் பக்கம் மரியாதையான காரியம் அல்ல. அந்தக் கூச்சம் எனக்கு இருந்தது. அதனால்தான், கம்பெனியில் தொழிலாளர் நல அதிகாரியாக வந்து உட்காருங்கள் என்று அவர் கேட்டபோது உடனே சரி என்றேன். சும்மா சாப்பிடவில்லை, வேலை செய்து சாப்பிடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது. உள்ளே போகும்போது கதவு இருப்பது தெரியவில்லை. வெளியே வர நினைத்த நாளில்தான் தெரிந்தது.

கம்பெனி ஊருக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருந்தது. வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் வேன்கள் இரண்டு திசைகளிலிருந்து வரும். வடக்கே கடற்கரைச் சாலையில் வேம்பார் வரை போய் வருவது ஒன்று. தெற்கே, மேற்கே கடலைப் பார்க்காத ஊர்களுக்குள் நுழைந்து சாத்தான்குளம் வரை போய் வருவது இன்னொன்று. கம்பெனியில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு, வேனை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நான் சொல்லப்போகிறவளை எல்லோரும் வேம்பார்க்காரி என்பார்கள். டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி வைக்கிற இடத்தில் வேலை. கை வேகம், வாய் அதைவிட வேகம். சூப்பர்வைசர் பையன்களுக்கு அவளைக் கண்டால் பயம்.

எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தங்கள் துணியைத் தைக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் குடும்பத்தோடு கௌரவமாக வாழப் போதுமான ஊதியம் பெறும்படி செய்வோம் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்தது. அதைப் பற்றி ஒரு பெரிய தாளைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினார்கள். தமிழாக்கம் என்னுடையது. வாழ்வூதியம் என்று எழுதியிருந்தேன். பெண்கள் தட்டோடு அதன் முன்னால் நின்று வாசித்தார்கள்.

"வாழுத சம்பளமாம்ளா. அப்பம் இம்புட்டு நாளும் வாங்குனது என்ன சம்பளமாம்?"

"அது மூச்சு விடுத சம்பளம்" என்றாள் வேம்பார்க்காரி. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வேன் புறப்படுவதற்கு முன் அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அந்தத் தாளில் இருப்பது நிஜமா என்று கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் பேசிய வாய் இல்லை அது. அப்போதுதான் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள்.

அவர் சங்கு குளிக்கிறவர். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அடியில் இறங்குகிறவர்கள் சங்குக்காக இறங்குகிறார்கள். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு தரையில் நடந்து சங்கு பொறுக்க வேண்டும். ரொம்ப நேரம் அடியில் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் உடம்பைத் தாக்கிவிடும். அவரைத் தாக்கத் தொடங்கியிருந்தது. முழங்கால் இரவெல்லாம் குத்துகிறது. வலது கை விரல்களுக்கு உணர்ச்சி சரியாக இல்லை. சட்டைக்குப் பித்தான் போட வரவில்லை, இவள்தான் போட்டுவிடுகிறாள்.

"இனிமே எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ சார். அவிய கேக்க மாட்டாவ. பிள்ள காலேஜ் முடிக்கட்டும்ங்காவ. இந்தச் சம்பளம் மட்டும் வந்துட்டுன்னா நான் அவியளக் கரையில உக்கார வச்சிருவேன்."

நான் தாளைக் காட்டினேன். எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், உலகத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு, பின்வாங்க முடியாது, வரும் என்றேன். பள்ளிக்கூடத்தில் பழகிய குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு எதிர்க்கேள்வி வந்ததில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், சாரே சொல்லிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். சில வாரங்களில் அவர் சங்குப் படகில் போவதை நிறுத்திவிட்டார். அதை அவளே வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். இது முக்கியம். அவர் கரையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்து, எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணியும் பெங்களூரிலிருந்து ஒரு இளைஞரும் வருவதாகத் தகவல் வந்தது. தொழிலாளர்கள் சிலரோடும், உள்ளூர் நிலவரம் தெரிந்த படித்தவர் ஒருவரோடும் உட்கார்ந்து பேசுவார்கள் என்றார்கள். படித்தவர் என்பது நான்தான், மொழிபெயர்ப்பும் நான்தான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சம்பந்தி நேராகப் பின்வீட்டுக்கு வந்தார். வேட்டியைத் தழைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. எனக்கு அதுதான் கஷ்டம். அவர் சொன்னதில் முக்கால்வாசி நியாயம் இருந்தது. வாக்குக் கொடுத்தவர்கள் துணியின் விலையைக் கூட்டித் தரப்போவதில்லை. போன வருடத்தை விடக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள். தொகை பெரிதாக வந்தால் கொடுக்க வேண்டியது இவர். கொடுக்க முடியாது என்றால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

"வாக்கு அவன் குடுப்பான், காசு நான் குடுக்கணும். இது எந்த ஊரு நியாயம் சம்பந்தி?"

என்னைப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஆண்டவருக்கு விரோதமா நான் எதுவும் கேக்கல்ல. அவளுவ சொல்லுதத அப்படியே சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் எடுத்துக் குடுக்காண்டாம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மறுத்துப் பேச அதில் ஒன்றுமே இல்லை. இன்று வரை யோசித்துப் பார்க்கிறேன், அந்த வாக்கியத்தில் தவறான சொல் ஒன்றுகூட இல்லை. அன்று மதியம் பெரிய வீட்டிலிருந்து வழக்கத்தை விட நல்ல சாப்பாடு வந்தது. சாப்பிட்டேன்.

கூட்டம் கம்பெனி மாடியில், குளிர்சாதன அறையில் நடந்தது. வெளிநாட்டுப் பெண்மணி அன்பானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். தொடங்குவதற்கு முன் என்னைத் தனியாகப் பார்த்து, உங்களுக்கும் முதலாளிக்கும் இரத்த உறவு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லைதானே. என் மகள் முதலாளி வீட்டு மருமகளா என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நானாக ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அரிசி, பருப்பு, எண்ணெய், பால், வாடகை, பஸ், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் போனது. சாத்தான்குளம் பக்கத்துப் பெண்கள் சூடாகப் பேசினார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி, தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் மேஜையில் இருப்பவள், எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். மீன் வந்தது. பைக்கில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற மீன்காரனிடம் வாங்குவதாகவும், ஐஸில் கிடந்த மீனுக்கு அவன் சொல்கிற விலையைக் கேட்டால் கோழியே தேவலை என்று ஆகிவிடும் என்றும் அவள் சொன்னாள். பிறகு வேம்பார்க்காரி பக்கம் திரும்பி, "இவளுக்கு என்ன, மகாராணி. கடலையே வீட்டுக்குள்ள வச்சிருக்கா" என்றாள்.

பெங்களூர் இளைஞர் வேம்பார்க்காரியைக் கேட்டார். மீனுக்கு வாரம் எவ்வளவு செலவாகும்?

அவள் என்னைப் பார்க்கவில்லை. செக்கிங் மேஜைக்காரியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள்.

"கடக்கரக்காரி காசு குடுத்து மீன் வாங்குனான்னு வெளிய சொல்லிராதீங்க சார், ஊரே சிரிக்கும். எங்களுக்கு மீன் சும்மாதான் வருது."

கூட இருந்த மற்ற இரண்டு கடற்கரைப் பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் சொன்னது அந்தக் கரையின் வழக்கம். கடலுக்குப் போய் வருகிறவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. அவன் போன படகில் அன்று ஒன்றும் கிடைக்காவிட்டாலும், கரையில் மீன் இறக்கிக்கொண்டிருக்கிற வேறு படகுக்காரர்கள் கறிக்கு வைத்துக்கொள் என்று நாலு மீனை எடுத்துக் கொடுப்பார்கள். சங்குக்குப் போகிறவனுக்கும் அது உண்டு. கேட்டு வாங்குவதில்லை, விலை பேசுவதில்லை. ஆனால் கடலுக்குப் போகிறவனுக்குத்தான். கரையில் உட்கார்ந்துவிட்டவனுக்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் மீன் வாங்கக் கடற்கரைக்கு வந்து நின்றால், அவள் புருஷன் இனி கடலுக்கு ஆகமாட்டான் என்று அவளே எல்லோருக்கும் சொன்னது போல ஆகிவிடும். வேம்பார்க்காரி வீட்டுக்குக் கறிமீன் வந்து அப்போதே பல வாரங்கள் ஆகியிருந்தன. அதை அந்த மேஜையில், சாத்தான்குளம் பக்கத்துக்காரிகள் முன்னால், அவள் எப்படிச் சொல்வாள்?

நான் சொல்லியிருக்கலாம். அவளைக் காட்டிக்கொடுக்காமலே சொல்லியிருக்கலாம். வீட்டுத் தோட்டத்து முருங்கைக்காயை விலைக்கு வாங்கவில்லை என்பதற்காக அதற்கு மதிப்பில்லை என்று எழுதுகிறவனுக்கு மதிப்பெண் கிடையாது என்று வருடா வருடம் வகுப்பில் சொன்னவன் நான். வாங்காத பொருளையும் சந்தை விலையில் எழுத வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் புரிய வைத்த விஷயம். இரண்டு வாக்கியம் போதும்.

வெளிநாட்டுப் பெண்மணி என் பக்கம் திரும்பினார். இது இவர் வீட்டில் மட்டும்தானா, இல்லை பொதுவாக இப்படித்தானா என்று கேட்டார்.

இங்கே அது வழக்கம்தான் என்றேன்.

அவர் தலையசைத்தார். இளைஞர் கணினியில் ஏதோ தட்டினார். அடுத்தது சோப்பு.

பகுதிக்கு ஒரே தொகை என்பது விதி. தொகை வந்தபோது மீனுக்கு அதில் இடமே இல்லை. கடற்கரைக்காரிகளுக்கும் இல்லை, கடலைப் பார்க்காத ஊர்க்காரிகளுக்கும் இல்லை. எங்கள் கம்பெனி ஏற்கெனவே கொடுப்பதற்கும் வாழ்வூதியத்துக்கும் இடையில் சிறிய தூரம்தான் என்று ஆயிற்று. சிறிய உயர்வு கொடுத்தார்கள். தூரம் முடிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கேக் வெட்டினார்கள். சம்பந்தி எனக்கு ஊட்டிவிட்டார். போட்டோ எடுத்தார்கள். கறிமீன் மட்டுமா அந்தத் தொகையைக் குறைத்தது என்று கேட்டால், இல்லை. வேறு பல இடங்களிலும் அப்படியே நடந்திருக்கும். ஆனால் நான் கண்ணால் பார்த்தது மீன்.

சாத்தான்குளம் பக்கத்துப் பெண்கள் விஷயத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். செக்கிங் மேஜைக்காரி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள்.

"ஏளா, ஒன் வீட்டு மீனுக்கு எங்க சம்பளத்தப் புடிச்சிட்டாவளே. அந்த மீன ஒரு நாளாவது எங்களுக்குக் கண்ணுல காட்டுனியா?"

அன்றைக்கு வேம்பார்க்காரியின் டப்பாவில் சோறும் தேங்காய்த் துவையலும் இருந்தன. மூடியைப் பாதி மூடிக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து அவள் உட்கார்ந்த பெஞ்சில் சாத்தான்குளம் வேன்காரிகள் உட்காரவில்லை.

அவள் என் அறைக்கு வந்தாள். இந்த முறை கதவைச் சாத்தினாள்.

"சார், ஒங்களுக்குத் தெரியும்லா. அவிய கரையில இருக்கது ஒங்களுக்குத் தெரியும்லா."

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நீதானம்மா சொன்னே" என்றேன்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன்" என்றாள் அவள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். வருடத்துக்கு ஒரு தடவை தொகையைப் பரிசீலிக்க வருவார்கள், அடுத்த பரிசீலனையில் சரி செய்துவிடலாம், நானே எடுத்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பழைய குரல் அன்று வரவில்லை. அது வரையில் வீட்டுக்காரரைக் கரையிலேயே வைத்திரு, எப்படியாவது சமாளி என்றும் சொன்னேன். சரி சார் என்று போனாள்.

சமாளித்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாக நின்றாள். அவர் மற்றவர்களின் வலைகளை வாங்கி வீட்டு வாசலில் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தாராம். விரல் சொன்னபடி கேட்காததால் வலைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். பொண்டாட்டி வேனில் போகிறாள், இவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சின்னப் பையன்கள்கூடப் பேசுகிறார்களாம். இவையெல்லாம் வேன் டிரைவர் சொல்லித் தெரிந்தவை. அவள் என்னிடம் எதுவும் சொல்வதை நிறுத்தியிருந்தாள். பார்த்தால் வணக்கம் சொல்வாள். முன்பு போலவே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத் தவிர்ப்பதற்காக, கழுத்துப்பட்டி வைக்கிற வரிசைப் பக்கம் போகாமல் சுற்றிப் போய் என் அறைக்குப் போகிற வழியை நான் கண்டுபிடித்துக்கொண்டேன். நல அதிகாரி.

வருடம் திரும்பியது. பரிசீலனைக்கு மறுபடியும் வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் சம்பந்தியிடம் போனேன். போகிறவரையில் தைரியம் இருந்தது. பெரிய வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து அல்வா வைத்தார்கள். கணக்கில் ஒரு பிழை இருக்கிறது, மீனைச் சேர்க்க வேண்டும், அதை நான் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"தாராளமாச் சொல்லுங்க. ஒங்க வாய நான் கட்ட முடியுமா?" என்றார். அல்வாவை என் பக்கம் நகர்த்தி வைத்து, "ஒங்க மகட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. இப்பம் எல்லாம் அவ பொறுப்புதானே" என்றார்.

உண்மைதான். அந்த வருடம்தான் என் மகள் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தாள். எம்.பி.ஏ. படித்தவள், சும்மா வீட்டில் இருக்கிறாளே என்று எனக்கே வருத்தம் இருந்தது. வாழ்வூதியம் கொடுக்கிறோம் என்று வெளிநாட்டுக்குப் போன உறுதிமொழியில் அவள் கையெழுத்து இருந்தது. நான் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று மாலையே அவள் பின்வீட்டுக்கு வந்தாள். விளக்கைக்கூடப் போடாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க சொன்னது தப்புன்னு நீங்களே சொன்னா, நான் கையெழுத்துப் போட்டது பொய்யின்னு ஆகும். நீங்க யாருன்னு அப்பம்தான் கேப்பாங்க. பெத்த அப்பாவ வச்சுக் கணக்கு எடுத்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. ஆர்டர் போயிட்டுன்னா அது யாரால போச்சுன்னு இந்த வீட்ல நெதமும் பேச்சு வரும். நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நான் எங்க போக?"

அவள் அழவில்லை. அவளுக்கு அம்மா முகம். நான் விளக்கைப் போட்டேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் எடுத்துக்கொண்டது சரி.

அதே மாடி அறை. அதே பெண்மணி, வணக்கத்தை இப்போது நன்றாகச் சொன்னார். பெங்களூரிலிருந்து வேறு ஒரு இளைஞர். என் மகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தொழிலாளர் பக்கம் வேம்பார்க்காரியும் இருந்தாள். செக்கிங் மேஜைக்காரி இந்த முறை வரவில்லை, வந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டாளாம். நான் பேச வேண்டும் என்று நினைத்தேனா, பேசக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேனா என்று இப்போது நேர்மையாகச் சொல்ல முடியவில்லை. மீன் வருகிற வரையில் பார்க்கலாம் என்று இருந்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய்.

மீன் வந்தது. உங்களுக்கு இப்போதும் மீன் இலவசமாகத்தான் கிடைக்கிறதா என்று பெண்மணி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவளுக்கு இது வாய்ப்பு. நான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்த்தாள். அவளுக்கு என் மகளைத் தெரியும். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

"இப்பம்லாம் நாங்க மீன் திங்கது இல்ல சார்" என்றாள்.

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெண்மணிக்கு ஆச்சரியம். உடல்நலக் காரணமா என்று கேட்டார். அதையும் தமிழில் கேட்டேன். "பிடிக்கல்ல" என்றாள். அதையும் சொன்னேன். இந்த முறையும் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இளைஞர் தட்டினார். சாப்பிடாத பொருளுக்குத் தொகையில் இடம் எப்படி இருக்கும்? என் மகள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமல் மூடினாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று ரொம்ப நாள் யோசித்தேன். வீட்டுக்காரர் கடலுக்கு ஆகமாட்டார் என்பதை அந்த மேஜையில் சொல்ல அவளுக்கு மனம் வராமல் இருந்திருக்கலாம். என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கலாம். என்னை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்திருக்கலாம். எதுவானாலும் அந்த இடத்தைக் காலியாக விட்டது நான். அவள் அதில் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டியிருந்தது?

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மாடிப்படியில் அவள் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்று, நான் வருகிற வரையில் சுவரோரம் ஒதுங்கினாள்.

"திங்கக்கெழமையிலருந்து அவிய மறுபடியும் போறாவ சார். படகுக்காரரிட்ட சொல்லியாச்சி."

கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறது என்றாள். அடியில் சங்கு எடுக்க விரல் மடங்கினால் போதும், பித்தான் போட வேண்டியதில்லையே என்று சிரித்தாள். போக வேண்டாம் என்று அவரிடம் சொல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எதை வைத்துச் சொல்வது? ஒரு தடவை சொல்லித்தான் அவர் கரைக்கு வந்தார்.

"பாத்துப் போகச் சொல்லும்மா" என்றேன்.

"சொல்லுதேன் சார்" என்று இறங்கிப் போனாள்.

அவர் போய்க்கொண்டிருக்கிறார். காற்று பலமாக அடிக்கிற நாளில் படகு இறங்காது, அன்று மட்டும் வீட்டில் இருப்பார். மற்ற நாட்களில் சங்குப் படகுகள் எந்த நேரத்துக்குக் கரைக்கு வரும் என்று எனக்கு இப்போது தெரியும். அந்த நேரம் தாண்டுகிற வரையில் என்னால் எந்த வேலையிலும் உட்கார முடிவதில்லை. இதை எழுதி முடித்ததும் என் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். எழுதிய வரையில் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று தடவை பெரிய வீட்டுப் படி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.